ஐந்துக்கு ஐந்து போட்டது பொய்யா?

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது):

“மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 36. சென்னை நிறுவனம் ஒன்றில் மென்பொருள் டெஸ்டிங் வேலை, 12 வருட அனுபவம். 2020 ஊரடங்கில் தாம்பரம் வாடகை வீட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கணவரின் ஊருக்கு வந்தோம். அவர் வேலையை விட்டுவிட்டு மன்னார்குடியில் உரம், விதை விற்கும் கடை வைத்துவிட்டார். நான் இங்கிருந்தே வேலையைத் தொடர்கிறேன். மாமனார் பத்து மா நிலத்தில் சாகுபடி செய்கிறார். மாமியாருக்கு மூட்டு வலி. மகள் மூன்றாம் வகுப்பு.

கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் என் மேஜை. நெல் கொட்டிவைக்கிற பத்தாயம் இருக்கிற உள் அறை காலியாகத்தான் இருந்தது, இப்போது அதில் கடைக்கான வேப்பம்புண்ணாக்கு மூட்டைகள் இருக்கின்றன. மகள் என் காதில் ஹெட்போன் இருந்தால் பேச மாட்டாள், கழுத்தில் தொங்கினால் பேசுவாள். அவளே கண்டுபிடித்த முறை.

போன மாதம் குறுவை அறுப்பு. மழை வரும்போல இருந்ததால் எந்த நேரத்துக்கு மிஷின் கிடைத்தாலும் சரி என்று காத்திருந்தோம். இரவு ஏழு மணிக்குப் பெல்ட் மிஷின் வந்தது. எனக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு தினமும் பேசும் மீட்டிங்கும் அதே ஏழு மணிக்குத்தான். ‘ஆள் அஞ்சு பேரு, காபி போட்டுடும்மா’ என்றார் அத்தை. மைக்கை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கும்போது அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஓடி வந்து ‘நெட் கட் ஆகிவிட்டது’ என்று பொய் சொன்னேன். அன்று இரவு, கழுத்தில் ஹெட்போன் இருந்ததைப் பார்த்துப் பேச வந்த மகளைக் கத்திவிட்டேன். அவள் அழவில்லை, எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு கருத்துக்கணிப்பு. ‘வீட்டிலிருந்து வேலை செய்வதில் உங்கள் திருப்தி எவ்வளவு?’ ஐந்துக்கு ஐந்து போட்டேன். யோசிக்கவே இல்லை. பிறகுதான் உறுத்தியது. நான் போட்டது பொய்யா?

ஜனவரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் சென்னை வர வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கீழே இருந்த ஒருவரை இந்த வருடம் டீம் லீட் ஆக்கிவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?”

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, மகள் அழாமல் எழுந்து போன இடத்தில் நின்றேன். இரண்டாம் முறை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன். எந்த வரி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொய் விவகாரம். நீங்கள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் அரைகுறை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதிரிக் கேள்வித்தாள்களை நானே எழுதியிருக்கிறேன். தஞ்சாவூருக்கு வந்து இந்த ஆலோசனை வேலையில் உட்காருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் சென்னையில் மனிதவளத் துறையில் இருந்தேன். 2020 கடைசியில் நாங்களும் இதே கேள்வியை அனுப்பினோம். பெரும்பாலோர் ஐந்து போட்டார்கள். அதைப் பச்சை நிறத்தில் ஒரு படமாக வரைந்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, நானும் திருப்தியாக இருந்தேன். சில மாதங்களில், ஐந்து போட்டவர்களிலேயே ஒரு பெண் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். ஏன் என்று கேட்டேன். “வீட்டிலேர்ந்து வேலை பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க, பிடிச்சிருக்குன்னு சொன்னேன். முடியுதான்னு நீங்க கேட்கவே இல்லையே” என்றார். அந்தப் பச்சைப் படத்தை அதற்கப்புறம் நான் யாரிடமும் காட்டவில்லை.

திருப்தி என்பது எப்போதும் ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கு. ‘திருப்தியா?’ என்று கேட்டதும் உங்கள் மனசு தாம்பரம் வாடகை வீட்டையும், பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலையும், கிரெச்சில் விட்டுவிட்டு வந்த ஒரு வயதுக் குழந்தையையும் நினைத்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்தான், ஐந்து போடாமல் என்ன செய்வீர்கள்? இன்னொன்றும் உண்டு. குறைத்துப் போட்டால் இந்த வசதியைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். அது எல்லோருக்கும் இருக்கும், யாரும் வெளியே சொல்வதில்லை.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவிலான சமநிலை வேறு கணக்கு. அது ஒப்பீட்டில் வராது. நாள் முடியும்போது கையில் என்ன மிச்சம் என்று பார்த்தால்தான் தெரியும். ஒருவருக்கு வேலையில் முழுத் திருப்தி இருந்து, நாளின் முடிவில் ஒன்றுமே மிஞ்சாமல் இருக்கலாம். நீங்கள் இருப்பது அந்த இடத்தில்தான். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் ஐந்து போட்டது பொய்யோ என்று உறுத்துகிறது.

இதில் நடந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கே வந்து எடுத்த மாதிரி இருக்கும். சீனாவின் ஷாங்காயில் சிட்ரிப் என்று ஒரு பயண நிறுவனம். இப்போது டிரிப்.காம் என்கிறார்கள். 2010 டிசம்பரில் ஆரம்பித்து ஒன்பது மாதம், அங்கே கால் சென்டர் ஊழியர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க விருப்பம் சொன்னவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், மற்றவர்கள் ஆபீஸிலேயே இருக்க வேண்டும் என்று பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. திருப்தியும் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இந்த 13 சதவீதத்தைத்தான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த 13இல் 9 அவர்கள் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. இடைவேளையும், உடம்பு சரியில்லை என்று எடுக்கிற விடுப்பும் குறைந்துவிட்டன. மீதி, வீட்டில் சத்தம் குறைவு என்பதால் நிமிடத்துக்கு எடுக்கிற அழைப்புகள் கூடியது. இன்னொன்று, அதே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. உங்கள் டீம் லீட் கதை ஷாங்காயில் அப்போதே நடந்திருக்கிறது. அப்புறம், சோதனை முடிந்து ‘இனி உங்கள் இஷ்டம்’ என்று விட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் இருந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்தவர்களில் பலர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமைதான் அவர்கள் சொன்ன பெரிய காரணம். திருப்தி என்று சொன்ன அதே ஆட்கள்தான்.

அந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. ஆறு மாத அனுபவமும் வீட்டில் பிராட்பேண்டும் மட்டும் போதாது, வேலை நேரத்தில் வேறு யாரும் வராத தனி அறை வேண்டும். அது இல்லாதவர்களைச் சோதனையிலேயே சேர்க்கவில்லை. ‘வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும்’ என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற அந்த எண், கதவு இருக்கிற அறையில் உட்கார்ந்தவர்களின் எண்.

நான் நின்றுவிட்ட வரி இதுதான் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் வீட்டில் வேப்பம்புண்ணாக்குக்கு ஒரு அறை இருக்கிறது, கதவும் இருக்கிறது. மாதாமாதம் சம்பளம் கொண்டுவருகிற உங்களுக்கு ஊஞ்சல் ஓரம். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மூட்டை நனையக் கூடாது, அதனால் உள்ளே போனது. நீங்கள் நனைய மாட்டீர்கள், அதனால் கூடத்தில் இருக்கிறீர்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றும். தெருவிலிருந்து நேராக அடுப்படிக்குள் யாரும் நுழைந்துவிட முடியாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். குத்தகைக் கணக்குப் பேச வந்தவர் திண்ணையோடு சரி. வெளியுலகம் எது வரைக்கும் வரலாம் என்று வீடே சொன்னது. இப்போது நியூயார்க் நேரத்தில் இயங்குகிற ஒரு ஆபீஸ், திண்ணையும் ரேழியும் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. (அந்த வீடுகளில் பெண்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்பது தனிக் கதை, அதைப் பெருமை பேச நான் வரவில்லை.)

சரி, மிச்சமான நேரம் எங்கே போனது? 27 நாடுகளில் எடுத்த ஒரு ஆய்வில், பயணம் இல்லாததால் சராசரியாக நாளைக்கு 72 நிமிடம் மிச்சமாகிறது என்று கண்டார்கள். அந்த நேரத்தில் 40 சதவீதத்தை மக்கள் மறுபடியும் வேலைக்கே கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ள 11 சதவீதம். 72 நிமிடத்தில் அது எட்டு நிமிடம். உங்களுக்கு இன்னொரு பங்குதாரரும் உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாற்றுத் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று பார்க்க ஆள் இருப்பதால்தான் மூன்றுக்கும் தண்ணீர் போகிறது. விட்டுவிட்டால் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மொத்தமும் போய்விடும். மிச்சமாகிற நேரமும் பள்ளத்தைத்தான் தேடிப் போகும். வீட்டில் ‘முடியாது’ என்று சொல்லப் பழகாதவர் யாரோ, அங்கேதான் பள்ளம். உங்கள் கடிதத்தில் ‘முடியாது’ என்று நீங்கள் சொன்ன ஒரு இடம்கூட இல்லை. வாடிக்கையாளரிடம் நெட் மேல் பழி போட்டீர்கள். அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனீர்கள். சொல்ல முடிந்தது எட்டு வயதுப் பெண்ணிடம் மட்டும்தான், அதைக் கத்தலாகச் சொன்னீர்கள்.

இப்படி எழுதுவது கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். பொறுமையோ பாசமோ குறைந்து நீங்கள் கத்தவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் கெட்டிக்காரி. காதில் ஹெட்போன் இருந்தால் அம்மா ஆபீஸில் இருக்கிறாள், கழுத்தில் இருந்தால் வீட்டில் இருக்கிறாள் என்று அவள் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறாள். அந்த வீட்டில் இருக்கிற ஒரே கோடு அதுதான். அன்று இரவு அவள் தன் விதிப்படிதான் வந்தாள். நீங்கள்தான் விதியை மீறினீர்கள். அதனால்தான் அவள் அழாமல் போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். குழந்தைகள் திட்டு வாங்கினால் அழுவார்கள், போட்ட விதி பொய்த்தால் குழம்பிப் போவார்கள். அவளைக் கூப்பிட்டு, ‘அன்னிக்கு ஹெட்போன் கழுத்துலதான் இருந்துச்சு, ஆனா அம்மா இன்னும் ஆபீஸ்லேயே இருந்தேன், தப்பு என் மேலதான்’ என்று சொல்லிவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யலாம். யார் அனுமதியும் தேவையில்லை.

பெரியவர்களுக்கும் அதே மாதிரி கண்ணுக்குத் தெரிகிற கோடு வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டீனா நிப்பர்ட்-எங் 1990களில் வீட்டையும் வேலையையும் மனிதர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, அவர்களுடைய சாவிக்கொத்தையும் நாள்காட்டியையும் பார்த்தார். சிலர் ஆபீஸ் சாவியையும் வீட்டுச் சாவியையும் ஒரே கொத்தில் வைத்திருப்பார்கள், சிலர் தனித்தனியாக. இரண்டும் கலந்திருந்தால் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, பிரிந்திருந்தால்தான் நிம்மதி என்பவர்களும் உண்டு. இதில் சரி, தப்பு கிடையாது. நீங்கள் இரண்டாவது ரகம் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கலந்து கிடக்கிற வாழ்க்கையை வாழ்கிற, பிரித்துவைக்க ஆசைப்படுகிற ஆள்.

பத்தாயம் இருக்கிற அறையை உங்களுக்குக் கேளுங்கள். கணவரிடம், ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து அவர் சாப்பிட்டு முடித்த பிறகு. குறையாகச் சொல்ல வேண்டாம், தேவையாகச் சொல்லுங்கள். ‘ஜனவரியிலேர்ந்து சென்னை வரச் சொல்றாங்க. அதைக் குறைச்சுக் கேக்கணும்னா இங்கே எனக்கு ஒரு கதவு வேணும்’ என்றால் கடைக்காரருக்குக் கணக்குப் புரியும். புண்ணாக்கு மூட்டைக்குத் தாழ்வாரத்தில் பலகை போட்டுத் தார்ப்பாய் மூடலாம், இல்லையென்றால் கடைப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு இடம் வாடகைக்குப் பார்க்கலாம். பத்தாயத்தை எடுக்க வேண்டியதில்லை, அதன் பக்கத்தில் மேஜை போடலாம். புண்ணாக்கு வாசனை போக ஒரு மாதம் ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இணைப்பை அந்த அறைக்கும் இழுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்தில் மின்சாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அத்தை விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. கடிதத்தில் நீங்கள் அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கு அது பிடித்தது. அவர் வளர்ந்த ஊரில் வேலை என்றால் நடவு, களை, அறுப்பு. குனிந்து நிமிர்ந்தால் வேலை, உட்கார்ந்திருந்தால் ஓய்வு. நீங்கள் காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறீர்கள். மூட்டு வலிக்கிற ஒருவருக்கு, உட்கார்ந்திருக்கிற மருமகளிடம் காபி கேட்பதில் ஒரு தப்பும் தெரியாது. இதைப் பேசிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு நாள் மீட்டிங்கில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அத்தையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அரை மணி நேரம் நாலு குரல்கள் உங்களைக் கேள்வி கேட்பதையும், நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதையும் அவர் கேட்கட்டும். ரகசியமான பேச்சு இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, முன்கூட்டியே உங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பாபநாசத்துப் பெண் இதைச் செய்தார். அவருடைய மாமியார் மறுநாளிலிருந்து, கேட்டைத் தட்டுகிற கேஸ் சிலிண்டர்க்காரரிடம், “மருமக ஆபீஸ்ல இருக்கு, மெதுவாப் பேசு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். எல்லா மாமியாரும் இப்படி மாறுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

காபி ஐந்து பேருக்கு யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும், அதை மறுக்க முடியாது. குறுவை முடிந்துவிட்டது, இனித் தாளடி நடவு. பிறகு தை, மாசியில் மறுபடி அறுப்பு. வருடத்தில் எல்லாம் சேர்த்து ஒரு இருபது நாள் இருக்குமா? அந்த நாட்களுக்கு மட்டும் தெருவில் ஒரு அம்மாவை ஒத்தாசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் வாடகை மிச்சமாகிறது அல்லவா? அதில் ஒரு துளிகூட ஆகாது. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், ‘வீட்டில் ஆள் இருக்கும்போது எதற்கு?’ என்று. வீட்டில் ஆள் இல்லை, ஆபீஸில் இருக்கிறாள்.

இனிக் கம்பெனி. இதில் அவசரமாக ஒன்று இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். உங்கள் ஏழு மணி மீட்டிங் அன்றிலிருந்து எட்டு மணிக்குப் போய்விடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைக்கும். எட்டு மணி என்றால் மகள் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது, ஒவ்வொரு வருடமும் இந்தியாவில் இருக்கிறவர்கள் வாயைத் திறக்காமல் நகர்ந்துகொள்கிறார்கள். மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். குளிர்கால மாதங்களில் அவர்களுடைய காலை ஒன்பதரை மீட்டிங்கை எட்டரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், உங்களுக்கு அதே ஏழு மணி கிடைக்கும். ஐந்து நாளும் முடியாது என்றால் மூன்று நாளாவது. மற்ற இரண்டு நாள் டீமில் வேறொருவர் போகலாம். காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம். ‘இந்த நேரத்தில் தொடர்ந்து தடையில்லாமல் கவனம் தர முடியாது’ என்பது போதும், அது உண்மையும்கூட.

பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு போனையும் மெயிலையும் கண்டுகொள்ளாமல் இருக்கிற உரிமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நம் மக்களவையில் அதே மாதிரி ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே மெயில்தான் உங்கள் சட்டம். நம்மில் பாதிப் பேர் கேட்டால் வேலை போய்விடும் என்று நினைக்கிறோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன், பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவரை இழந்து புதிதாக ஒருவரைப் பழக்குவது எந்த மேலாளருக்கும் தலைவலி. நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பேச்சுக்கு எடை இருக்கிறது.

ஜனவரி, வாரம் இரண்டு நாள். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அதே டிரிப்.காமில் 1,612 பேரை வைத்து 2021, 2022 காலத்தில் இன்னொரு சோதனை நடந்தது, 2024இல் முடிவு வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வில் எந்தப் பாதிப்பும் இல்லை. வாரம் நான்கு நாள் வீட்டில் இருந்தவர்களுக்கு முதல் சோதனையில் வந்த பாதிப்பு இதில் வரவில்லை. எனவே முகம் காட்டுவதில் பலன் இருக்கிறது, டீம் லீட் விஷயத்தில் உங்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் அவர்கள் ஷாங்காய்க்குள்ளேயே குடியிருந்தவர்கள். உங்களுக்கு ஒவ்வொரு வாரமும் மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, இரண்டு நாள் யார் வீட்டிலாவது தங்கி, மறுபடி ராத்திரி ரயில் என்றால் மூன்றாவது மாதம் படுத்துவிடுவீர்கள்.

மாதத்துக்கு எட்டு நாளை நான்காகக் குறைத்து, அந்த நான்கையும் சேர்த்தாற்போல் ஒரே வாரத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். போகிற வாரத்தில் கணினி முன் உட்கார்ந்தே இருக்காதீர்கள், அதை இங்கேயே செய்யலாம். மேலாளரோடும், மேலாளரின் மேலாளரோடும் சாப்பிடப் போங்கள். நடுவழியாக ஒன்று உண்டு. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள், திருச்சி நவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது இருக்கை உண்டா என்று கேட்கலாம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் போய்வரும் அலுப்பு உண்டு, ஆனால் மகள் தூங்குவதற்குள் வீட்டில் இருப்பீர்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு என் பதில், இப்போது வேண்டாம். இதுவரை நீங்கள் சரி செய்ய முயன்று தோற்றுப்போன எதையும் கடிதத்தில் காணோம். முயலவே இல்லை என்பதுதான் தெரிகிறது. கதவு, ஒத்தாசைக்கு ஆள், எட்டு மணி மீட்டிங், இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்து, பங்குனி வரைக்கும் பாருங்கள். அப்போதும் ராத்திரி பத்தரைக்கு மேஜையிலிருந்து எழும்போது இதே மாதிரி இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், ராஜினாமாக் கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.

ஆபீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றி நடங்கள் என்றெல்லாம் இணையத்தில் அறிவுரை கிடைக்கும். உங்களுக்கு ஒத்து வந்தால் செய்யுங்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மீட்டிங் முடிந்ததும் நேராகப் பாத்திரம் தேய்க்கப் போவதாக ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பாத்திரம் எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்த முறை கருத்துக்கணிப்பு வந்தால் ஐந்தே போடுங்கள். கீழே ‘வேறு கருத்துகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும், யாரும் நிரப்ப மாட்டார்கள். நான் அந்தப் பக்கம் இருந்தவரை அதைத்தான் முதலில் படிப்பேன். அதில் எட்டு மணி மீட்டிங்கைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்.

எனக்கு எழுதும்போது, புண்ணாக்கு மூட்டைகள் எங்கே போயின என்று மறக்காமல் சொல்லுங்கள்.